பிரெய்ரியில் நிலம் வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவின் பிரெய்ரி மாகாணங்களான ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபாவில் பயிர் நிலமோ, ஊருக்கு வெளியே வீட்டோடு ஒரு துண்டு நிலமோ, விடுமுறைக்குப் போய்வர ஏரிக்கரையில் ஓரிடமோ தேடும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள் இவை. டொராண்டோவில் ஒரு வீட்டை விற்ற பணத்தில் இங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு வருபவர்களே அதிகம். அது பொய்யில்லை. ஆனால் அந்த நூற்றுக்கணக்கான ஏக்கர் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைச் சொன்னவர் சொல்லியிருக்க மாட்டார்.

பயிரும் வைக்க வேண்டும், வீடும் கட்ட வேண்டும், மீன் பிடிக்கத் தண்ணீரும் வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்குமா?

தேடினால் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் மூன்றுக்குமே அரைகுறையாகத்தான் உதவும். இங்கே சந்தையில் இருப்பவை மூன்று வெவ்வேறு பொருள்கள். முதலாவது பயிர் நிலம். இதை வாங்குகிற விவசாயிக்கு மரமும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். அகலமான விதைப்பு இயந்திரத்தை நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு பாப்ளர் தோப்பு வந்தாலும் சுற்றிப் போக வேண்டியிருக்கும், விதையும் டீசலும் வீணாகும். இரண்டாவது பொழுதுபோக்கு நிலம். அந்த விவசாயி வேண்டாமென்று தள்ளிய தோப்பும் குட்டையும் மேடுபள்ளமும்தான் இங்கே விலைபோகும். மூன்றாவது ஏக்கரேஜ் என்று இங்குள்ளவர்கள் சொல்வது: பெரிய நிலத்திலிருந்து 5 அல்லது 10 ஏக்கரைப் பிரித்து, வீடு, கிணறு, மின்சாரத்தோடு விற்பது.

ஒன்றுக்கு நல்ல குணம் மற்றொன்றுக்குக் குறை. அதனால் எதற்கு வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் விலை கேட்கப் போக வேண்டும். ஏமாந்தவர்களின் கதைகளைக் கேட்டால், பெரும்பாலும் ஒரு வகை நிலத்தை இன்னொரு வகையின் கனவோடு வாங்கியவர்களாக இருப்பார்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கும் என் அண்ணன் பெயரில் வாங்கலாமா?

பெரிய அளவில் முடியாது. கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாதவர்களுக்கு மூன்று மாகாணங்களும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. சஸ்காச்சுவானில் மொத்தம் 10 ஏக்கர். ஆல்பர்ட்டாவில் இரண்டு துண்டுகளுக்கு மேல் கூடாது, இரண்டும் சேர்ந்து 20 ஏக்கரைத் தாண்டக் கூடாது. மானிட்டோபாவில் 40 ஏக்கர். கனடாவுக்குக் குடிவரப் போகிறவர்களுக்கும் வேறு சில சூழல்களுக்கும் விலக்கு உண்டு, ஆனால் அதற்கு விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

கண்டிப்பில் சஸ்காச்சுவான்தான் முன்னால் நிற்கிறது. 2002 வரை வேறு மாகாணத்துக் கனடியர்கள்கூட அங்கே இஷ்டத்துக்கு வாங்க முடியாது. 2015-இல் திருத்திய சட்டம் ஓய்வூதிய நிதிகளையும் பெரிய அறக்கட்டளைகளையும் வெளியே நிறுத்தியது. கடன் வாங்கி நிலம் வாங்கினால், அந்தக் கடன் கனடாவில் பதிவுள்ள நிதி நிறுவனத்திடமிருந்தோ கனடாவில் வசிப்பவரிடமிருந்தோதான் வர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே “பணம் அண்ணனுடையது, பெயர் மட்டும் என்னுடையது” என்கிற பினாமி ஏற்பாடு இங்கே எடுபடாது. ஃபார்ம் லேண்ட் செக்யூரிட்டி போர்டு என்ற அமைப்பு உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். மீறினால் தனிநபருக்கும் பெரிய அபராதம் உண்டு.

வெளிநாட்டவர் வீடு வாங்க 2023 ஜனவரியில் மத்திய அரசு கொண்டுவந்த தடை வேறு விஷயம். அது நகரங்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் மட்டும்தான். ஒதுக்குப்புறக் கிராமப்புறத்தை அது தொடாது என்பதால் மாகாண வரம்பும் இல்லை என்று சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் தனித்தனி.

விளம்பரங்களில் ‘என்இ 12-34-5 டபிள்யூ3’ என்று போடுகிறார்களே, அது என்ன?

அதுதான் நிலத்தின் முகவரி, நம் ஊர்ச் சர்வே எண் போல. 1870-களில் தொடங்கிய அரசு அளவையில் புல்வெளி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் வீதம் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதை நான்காக்கினால் 160 ஏக்கர் கொண்ட குவார்ட்டர். யாழ்ப்பாணக் கணக்கில் 2,560 பரப்பு. 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 டாலர் கட்டணத்துக்குக் குடியேறிகளுக்குக் கொடுத்த அளவும் இந்த 160 ஏக்கர்தான். இன்றும் நிலம் கைமாறுவது குவார்ட்டர் கணக்கில்தான்.

மேலே உள்ள எண்ணைப் பிரித்துப் படித்தால்: 12-ஆம் செக்‌ஷனின் வடகிழக்குக் குவார்ட்டர், அமெரிக்க எல்லையிலிருந்து மேலே எண்ணினால் 34-ஆவது டவுன்ஷிப், மூன்றாம் மெரிடியன் என்ற அடிப்படைத் தீர்க்கக்கோட்டுக்கு மேற்கே 5-ஆவது ரேஞ்ச், அதாவது டவுன்ஷிப் வரிசை. சாஸ்கட்டூனுக்குச் சற்றுத் தெற்கே வரும். இதைப் படிக்கப் பழகிவிட்டால் முகவர் “நகரத்துக்குப் பக்கத்தில்” என்று சொல்வதன் உண்மையான தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. செக்‌ஷன்களுக்கு இடையே சாலைக்கென்று அப்போதே இடம் விட்டிருக்கிறார்கள். சஸ்காச்சுவானிலும் ஆல்பர்ட்டாவிலும் பெரும்பாலும் 66 அடி அகலம். இடம் விட்டார்களே தவிர எல்லாவற்றிலும் சாலை போடவில்லை. வரைபடத்தில் பாதை இருக்கும், நேரில் போனால் கோதுமை நிற்கும். ‘சாலை ஒதுக்கீடு உண்டு’ என்பதும் ‘சாலை உண்டு’ என்பதும் வேறு வேறு. புதிதாகச் சாலை போட வேண்டுமென்றால் செலவு பெரும்பாலும் கேட்கிறவர் தலையில்தான் விழும்.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்க வேண்டுமா?

முப்பது வருடத்துப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் அலைய வேண்டியதில்லை. மூன்று மாகாணங்களிலும் டாரன்ஸ் முறைதான். அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசே பொறுப்பு. சஸ்காச்சுவானில் இந்தப் பதிவேட்டை நடத்துவது ஐஎஸ்சி என்ற நிறுவனம். சிறு கட்டணம் கட்டினால் எந்த நிலத்தின் உரிமைப் பதிவையும் எடுத்துப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியது பெயரை அல்ல, பெயருக்குக் கீழே பதிந்திருப்பவற்றை. அடமானம், குழாய்வழி, மின்கம்பி, எண்ணெய் நிறுவனத்தின் குத்தகை எல்லாம் அங்கே இருக்கும். பக்கத்து விவசாயிக்கு ‘விற்பதானால் முதலில் எனக்கு’ என்ற உரிமை பதிவாகியிருக்கலாம். முக்கியமாக இயற்கைப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர், டக்ஸ் அன்லிமிட்டெட் போன்ற அமைப்போடு, சதுப்பை வடிப்பதில்லை, புல்வெளியை உழுவதில்லை என்று கையெழுத்திட்டிருப்பார். அது ஆளோடு போகாது, நிலத்தோடு வரும். பயிர் வைக்க வாங்குகிறவருக்கு அது தலைவலி. வாத்துப் பார்க்க வாங்குகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை, விலையும் குறைந்திருக்கும்.

இன்னொன்று: குடும்பம் வசித்த வீடு அந்த நிலத்தில் இருந்தால், பதிவில் பெயரில்லாத கணவனோ மனைவியோ சம்மதம் தர வேண்டும். சஸ்காச்சுவானில் அந்தச் சம்மதத்தைத் துணைவர் பக்கத்தில் இல்லாதபோது தனியாகக் கேட்டுத்தான் வாங்குவார்கள். நல்ல சட்டம்.

நிலத்துக்கு அடியில் எண்ணெய் கிடைத்தால் எனக்குத்தானே?

அநேகமாக இல்லை. மேல்நிலமும் கனிமமும் இங்கே தனித்தனி உரிமைகள். 1887-க்குப் பிறகு குடியேறிகளுக்குக் கொடுத்த நிலங்களில் பெரும்பாலும் கனிமத்தை அரசே வைத்துக்கொண்டது. ஆல்பர்ட்டாவில் ஏறத்தாழ 81% கனிம உரிமை அரசிடம் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி பழைய இரயில்வே நிலங்கள், ஹட்சன்ஸ் பே நிறுவன நிலங்கள் வழியாக வேறு நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கனிமம் வைத்திருப்பவருக்கு உங்கள் நிலத்தின் மேல் வந்து தோண்டும் உரிமையும் உண்டு. உங்களுக்கு அதற்கான இழப்பீடு உண்டு, தடுக்கும் அதிகாரம் இல்லை.

அப்படியானால் ஏற்கனவே எண்ணெய்க் கிணறு உள்ள நிலம் லாபமா, நஷ்டமா?

ஓடுகிற கிணறு என்றால் ஆண்டுதோறும் வாடகை வரும், நிலம் கைமாறினால் பொதுவாக வாடகையும் கூடவே வரும். இதைக் காட்டி விற்பவர் விலையை ஏற்றுவார். ஆனால் கிணறு எந்த நிறுவனத்துடையது, எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். கிணறு வற்றி நிறுவனமும் நொடித்துப் போனால், அது கைவிடப்பட்ட கிணறுகளின் வரிசையில் சேரும். மூடிச் சுத்தம் செய்ய ஆல்பர்ட்டாவில் ஆர்ஃபன் வெல் அசோசியேஷன் என்றே ஓர் அமைப்பு இயங்கும் அளவுக்கு அந்த வரிசை நீளம். அதுவரை உங்கள் வயலின் நடுவில் ஒரு இரும்புத் தலையும் அதற்கு ஒரு சரளைப் பாதையும் நிற்கும். ஆல்பர்ட்டாவில் நிறுவனம் வாடகை தராவிட்டால் தீர்ப்பாயத்தில் மனு போட்டு அரசிடமிருந்து பெற வழியிருக்கிறது. நேரம் பிடிக்கும்.

என்னைக் கேட்டால் பயிர் நிலத்தில் ஒரு கிணறு பொறுத்துக்கொள்ளக் கூடியது. வார இறுதியில் நிம்மதி தேடி வாங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மண் நல்ல மண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரெய்ரி முழுதும் ஒரே மண் என்று நினைப்பது தவறு. தென்மேற்கே சுவிஃப்ட் கரண்ட், மேப்பிள் கிரீக் பக்கம் பழுப்பு மண், வறண்ட பகுதி. வடகிழக்கே போகப் போகக் கருமை கூடும். மெல்ஃபோர்ட், டிஸ்டேல் வட்டாரத்துக் கரிசல் மண்ணுக்கு நல்ல பெயர். ரெஜைனாவைச் சுற்றி கனத்த களிமண்; ஈரத்தைப் பிடித்துவைக்கும், மழையில் காலையும் டயரையும்கூடப் பிடித்துவைக்கும். 1857-க்கும் 1860-க்கும் இடையில் இந்தப் பக்கம் ஆய்வுக்கு வந்த பாலிசர், தெற்கே ஒரு முக்கோணப் பகுதி பயிருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் மீறிக் குடியேற்றினார்கள். 1930-களின் வறட்சியில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளம்பின.

சஸ்காச்சுவானில் ஒரு வசதி: சாமா என்ற மதிப்பீட்டு அமைப்பு ஒவ்வொரு குவார்ட்டருக்கும் மண்ணின் விளைதிறனை வைத்து மதிப்புப் போட்டிருக்கிறது, இணையத்தில் பார்க்கலாம். உள்ளூர் விவசாயிகள் ‘ஏக்கர் என்ன விலை’ என்பதோடு ‘மதிப்பீட்டைப் போல எத்தனை மடங்கு’ என்றும் பேசுவார்கள். இரண்டு நிலங்களை ஒப்பிட அதுவே நேர்மையான அளவு.

நேரில் போனால் வயலின் மூலையைப் பாருங்கள். கற்குவியல் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் கல் பொறுக்க வேண்டிய நிலம். தாழ்ந்த இடத்தில் வெள்ளை பூத்து, கோதுமைக்குப் பதிலாக கோச்சியா செடி மண்டியிருந்தால் உவர். எண்ணெய் வித்துப் பயிரான கனோலா போடும் பகுதியென்றால் கிளப்ரூட் நோய் வந்த நிலமா என்று கவுண்டி எனப்படும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். 2003-இல் எட்மண்டன் அருகே கனோலாவில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வேர்நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். பக்கத்து வயலிலிருந்து ஒட்டிவரும் மண் போதும், பரவிவிடும்.

ஏக்கர் என்ன விலை?

இடத்துக்கு இடம் பல மடங்கு வித்தியாசம் இருப்பதால் ஒரே எண்ணாகச் சொல்வது ஏமாற்று. ஃபார்ம் கிரெடிட் கனடா என்ற அரசு நிறுவனம் ஆண்டுதோறும் வட்டார வாரியாக வெளியிடும் அறிக்கையைப் பாருங்கள். போக்கு மட்டும் சொல்கிறேன்: சஸ்காச்சுவானில் சராசரி மதிப்பு 2023-இல் 15.7%, 2024-இல் 13.1% ஏறியது. ஏறிக்கொண்டே இருக்கும் என்று இதற்குப் பொருளில்லை. 1980-களில் விழுந்து எழப் பல வருடம் ஆனது.

நல்ல நிலம் பல நேரம் முகவர் பலகைக்கே வராது. வக்கீல் அலுவலகம் வழியாக மூடிய உறையில் டெண்டர் கேட்பார்கள். முன்பணத்துக்கான காசோலையோடு உங்கள் விலையை எழுதிக் கொடுக்க வேண்டும். அதிக விலை கேட்டவருக்கே தர வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இருக்காது. எதிரில் ஏலம் கேட்பவர் அந்த நிலத்தை முப்பது வருடமாக வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தவராகவோ ஹட்டரைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் கூட்டுப் பண்ணையாகவோ இருக்கலாம். அவர்களுக்குப் பெறுமானம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைவிட ரொம்ப அதிகமாகக் கொடுத்து நீங்கள் ஜெயித்தால் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

வாங்கிக் குத்தகைக்கு விட்டால் கடன் கட்டிவிடலாமா?

கணக்கு உதைக்கும். பிரெய்ரியில் ரொக்கக் குத்தகை பொதுவாக நில மதிப்பில் 3 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் நிற்கிறது. உதாரணத்துக்கு ஒரு குவார்ட்டர் 4,80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 3% என்றால் ஆண்டுக்கு 14,400. அதில் நிலவரி போக மீதி. கால் பங்கு முன்பணம் போட்டு 3,60,000 கடன் வாங்கி 6% வட்டி கட்டினால் வட்டி மட்டும் முதல் ஆண்டில் 21,600. பற்றாக்குறையைச் சம்பளத்திலிருந்து போட முடிந்தால்தான் இந்த வழி.

விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விடுவதும் உண்டு, உரிமையாளருக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு. 2021 போன்ற வறட்சியில் அந்தப் பங்கும் சுருங்கிவிடும். எப்படியானாலும் எழுத்தில் போடுங்கள். நிலம் எப்போது கைக்கு வரும் என்று பேசும்போது குத்தகைதாரரின் அறுவடை முடிந்ததா, இலையுதிர்காலத்தில் உரம் போட்டுவிட்டாரா என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஜிஎஸ்டி உண்டா? வேறு வரி?

பலரைத் திடுக்கிட வைப்பது இதுதான். விவசாயத் தொழிலில் இருந்த நிலத்தை விற்றால் பொதுவாக 5% ஜிஎஸ்டி உண்டு. வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் தன் கணக்கிலேயே காட்டிக் கழித்துக்கொள்ளலாம், பணம் கைமாறாது. பதிவு இல்லையென்றால் கையிலிருந்து கட்ட வேண்டும். மேலே சொன்ன குவார்ட்டருக்கு 24,000 டாலர். விலை பேசும் முன்பே கணக்காளரைப் பாருங்கள். மானிட்டோபாவில் நிலமாற்ற வரியும் உண்டு, விவசாயிகளுக்கு விலக்கு இருக்கிறது.

விற்கும்போது விவசாயிகளுக்குக் கிடைக்கும் சுமார் 12.5 இலட்சம் டாலர் மூலதன ஆதாய விலக்கு, குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் இருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. சொந்த வீட்டு விலக்கும் வீட்டோடு சேர்ந்த அரை ஹெக்டேருக்குத்தான், அதாவது ஒன்றே கால் ஏக்கர் அளவுக்கு.

ஏக்கரேஜ் வாங்கிக் குடியிருக்கலாம் என்று பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீரை. மற்றதெல்லாம் அப்புறம். கிணற்று நீரில் நைட்ரேட், ஆர்சனிக், சல்பேட் உண்டா என்று பரிசோதனை அறிக்கை கேளுங்கள். ருசி பார்த்து முடிவு செய்ய முடியாது. கிணறு இல்லாத இடங்களில் மழை, பனிநீர் தேக்கும் டகௌட் குளமோ, லாரியில் தண்ணீர் வாங்கி நிரப்பும் தொட்டியோ இருக்கும். கழிவுநீர் அமைப்பு அனுமதியோடு போட்டதா என்பதையும் பாருங்கள்.

பிறகு சாலை. சரளை போட்ட கிரிட் ரோடா, வெறும் மண் பாதையா? பனிக்காலத்தில் நகராட்சி எப்போது வழித்துவிடும்? பள்ளிப் பேருந்து வாசலுக்கு வருமா? வெப்பநிலை -40 வரை போகும் ஊரில், மின்சாரம் போனால் வீட்டைச் சூடாக்க வேறு வழி உண்டா? விறகடுப்பு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் ஆய்வுச் சான்று கேட்கும்.

பக்கத்தில் பன்றிப்பண்ணையோ மாட்டுக் கொட்டிலோ இருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். வழக்கமான முறையில் விவசாயம் செய்பவர்மேல் நாற்றத்துக்கும் தூசிக்கும் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம். சட்டம் அவர் பக்கம்.

ஏரிக்கரை இடமோ, வேட்டைக்கும் முகாமுக்கும் ஒரு தோப்போ வாங்கினால்?

ஏரிக்கரை கேபின் என்றால் முதல் கேள்வி, மண் உங்களுடையதா, குத்தகையா என்பது. ரைடிங் மவுண்டன் போன்ற தேசியப் பூங்காவுக்குள் நீங்கள் வாங்குவது கட்டடமும் குத்தகை உரிமையும்தான். நிலம் சொந்தமானாலும் கரை சொந்தமாகாது: ஆல்பர்ட்டாவில் இயற்கையான நிரந்தர ஏரியின் அடிநிலமும் கரையும் அரசுடையது. விருப்பம்போல மணல் கொட்டிக் கடற்கரை அமைக்க முடியாது.

ஏரி ஏறுமா என்றும் கேளுங்கள். சஸ்காச்சுவானில் குவில் ஏரிகளுக்கு இயற்கையான வெளிப்போக்கு கிடையாது. 2005-க்குப் பிறகு தண்ணீர் பல மீட்டர் உயர்ந்து வயல்களையும் சாலைகளையும் விழுங்கியது.

தோப்பு வாங்கி ஒரு கேரவனைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்பவர்கள், உள்ளூர் நகராட்சி அதை அனுமதிக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பல இடங்களில் நிரந்தரமாக நிறுத்தத் தடையோ தனி அனுமதியோ உண்டு. மான் உங்கள் நிலத்தில் மேய்ந்தாலும் அது உங்கள் மான் அல்ல, உரிமம் வேண்டும். ஆல்பர்ட்டாவில் வேட்டைக்கு வருபவரிடம் நிலத்துக்குள் நுழையக் காசு வாங்குவதும் குற்றம். ஆனால் அனுமதி கேட்காமல் வருபவரைத் தடுக்கலாம். சஸ்காச்சுவானில் 2022 ஜனவரியிலிருந்து முன்னனுமதி கட்டாயம்.

குட்டைகளை வடித்துவிட்டு முழுதும் பயிர் வைக்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. உங்கள் குட்டைத் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குத்தான் போகும். அந்தச் சண்டைகள் தலைமுறை தாண்டி நடக்கின்றன. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவதிலும் அப்படியே: தெற்கு ஆல்பர்ட்டாவில் போ (Bow), ஓல்ட்மேன் ஆற்றுப் படுகைகளில் புதிய நீர் உரிமங்களுக்கு 2006-இலேயே கதவை மூடிவிட்டார்கள். லெத்பிரிட்ஜ் பக்கம் பாசன நிலம் என்று விளம்பரம் பார்த்தால், அந்தப் பாசன உரிமை நிலத்தோடு வருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

நிலத்தைப் பார்க்க எந்த மாதம் போகலாம்?

பிப்ரவரியில் போகாதீர்கள். பனிக்கு அடியில் எல்லா நிலமும் ஒன்றுதான். ஜூலையில் கனோலா பூத்து நிற்கும்போது போனால் எந்த விலையும் நியாயமாகத் தெரியும். ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் சரியான நேரம்: பனி உருகித் தண்ணீர் எங்கே தேங்குகிறது, பாதை எங்கே அறுந்துபோகிறது என்று தெரியும். மழை பெய்த மறுநாள் முகவரின் வண்டியில் ஏறாமல் சொந்த வண்டியில் போங்கள். சேற்றில் சிக்கினால் டிராக்டரோடு வந்து இழுத்துவிடுபவர் அநேகமாகப் பக்கத்து நிலத்துக்காரராகத்தான் இருப்பார். மீதிக் கேள்விகளை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.